கற்கண்டுச் சிமிழும் கரும்பு கடித்த இளவரசியும்

முன்னொரு காலத்தில், ஆறுகள் தங்களுக்குப் பிடித்த பக்கம் திரும்பி ஓடிய காலத்தில், மூன்று பக்கம் கரும்பும் ஒரு பக்கம் தண்ணீருமாக ஒரு நாடு இருந்தது. அதற்குக் கன்னல்நாடு என்று பெயர். காற்று அடித்தால் அங்கே கரும்புச் சோகை சலசலக்கும். காற்று நின்றால் பாகு காய்ச்சும் மணம் வீதிக்கு வந்து நிற்கும்.

அந்த நாட்டு மக்கள் உழைப்பாளிகள், கொடையாளிகள். ஆனால் அவர்களுக்கு வாய் மட்டும் நெருப்பு. மடைத் தண்ணீருக்காகச் சண்டை, வரப்புக்காகச் சண்டை, சண்டைக்கு வராமல் ஒதுங்கி நின்றவனோடு அதற்காக ஒரு சண்டை. மன்னர் கனகவேலர் பொறுத்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில், இந்த மக்களின் நாவை இனிப்பாக்குகிறவர் யாராவது உண்டா என்று நாடெங்கும் பறை அறிவித்தார்.

அப்போது வடக்கே இருந்த வெண்மலையிலிருந்து ஒரு மாயாவி இறங்கி வந்தான். வெண்சடையன் என்று அவனைச் சொல்வார்கள். தலைமுடி வெள்ளை, உடுத்தது வெள்ளை, குரலோ வெண்ணெய். அவன் கையில் ஒரு சிமிழ் இருந்தது. அது தந்தத்தால் ஆனது என்று ஆற்றின் வடகரையில் கதை சொல்பவர்கள் சொல்வார்கள். தென்கரையில் சொல்பவர்களோ சந்தனக் கட்டை என்பார்கள். எதனால் ஆனதாயினும், அதற்குள் இருந்த கற்கண்டு அள்ள அள்ளக் குறையாது என்பதில் இரு கரையாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

“பேசுமுன் ஒன்று. அவ்வளவுதான் மன்னா” என்றான் வெண்சடையன். “வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கற்கண்டை நாவில் இட்டுக்கொண்டு பேசச் சொல்லுங்கள். இனித்த நாவில் கசந்த சொல் பிறக்காது.”

கைம்மாறாக என்ன வேண்டும் என்று மன்னர் கேட்டார். பெரிதாக ஒன்றுமில்லை என்றும், இந்த நாட்டில் யாருக்காவது பல் உதிர்ந்தால் அந்தப் பல் தனக்கு வந்து சேர்ந்தால் போதும் என்றும் அவன் பணிவாகச் சொன்னான். உதிர்ந்த பல்லை யார் கேட்கப் போகிறார்கள் என்று மன்னர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அவருக்கு அப்போது பல் எல்லாம் இருந்தது.

அன்று முதல் அரண்மனை வாசலில் காலைதோறும் கற்கண்டு வழங்கினார்கள். வழக்கு உரைக்குமுன் ஒன்று, விலை சொல்லுமுன் ஒன்று, பெண் கேட்குமுன் ஒன்று. அழுத குழந்தையின் வாயில் ஒன்று. குழந்தை தூங்கிய பிறகும் கன்னத்துக்குள் கற்கண்டு கரைந்துகொண்டே கிடக்கும். நாடு மெத்தென்று ஆயிற்று. “அண்ணா”, “அம்மா”, “தங்கமே” என்ற சொற்களைத் தவிர வீதியில் வேறொன்றும் கேட்கவில்லை.

பிறகு பற்கள் போகத் தொடங்கின. முதலில் வியாபாரிகளுக்கு, அவர்கள்தாம் அதிகம் பேசுகிறவர்கள். அப்புறம் புலவர்களுக்கு, தூதுவர்களுக்கு, மாமியார்களுக்கு. உதிர்ந்த பல் உள்ளங்கையில் இருக்கும்போதே மறைந்துபோகும். அந்த நேரத்தில் வெண்மலையின் மேல் ஒரு மதில் சற்றே உயரும். கன்னல்நாட்டார் கரும்பை வெளியூருக்கு விற்றுவிட்டுத் தாங்கள் கூழ் குடித்தார்கள். ஊர் முழுவதும் வாயில் பல் இல்லாதபோது பல் இல்லாதது ஒரு குறையாகவே தெரியாது. அப்படித்தான் அவர்களுக்கும் இருந்தது.

மன்னருக்கு ஒரே மகள். பெயர் தரளவல்லி. அவர் முதுமையால் படுக்கையில் சாய்ந்த பின்பு, குடிமக்களின் வழக்கை எல்லாம் அவள்தான் கேட்டுத் தீர்ப்புச் சொன்னாள். காலையில் சபையில் அமர்ந்தால் மாலை வரை பேச்சு. ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால், அவளோடு ஒரே பாலைக் குடித்து வளர்ந்த தோழி அரும்பாயி, சிமிழைத் திறந்து நீட்டுவாள். அரும்பாயிக்குச் சபையில் பேச உரிமை இல்லை. சிமிழ் ஏந்துகிறவள் வாய் திறக்கக் கூடாது என்பது வழக்கம். அந்த மௌனத்தையெல்லாம் சேர்த்து வைத்து அவள் உணவு வேளையில் தீர்த்துக்கொள்வாள்.

அவள் சாப்பிடுவதைப் பார்க்கச் சமையற்கூடத்தில் ஆள் கூடும். கேழ்வரகுக் களி ஒரு மலை, கீரை ஒரு தோட்டம், மோர் ஒரு குளம். அதற்கு மேல் அடை பாயசம் ஒரு குண்டான். ஒரு நாள் இளவரசி தாளமாட்டாமல், “அடி, இவ்வளவு பாயசத்தையும் எங்கேடி போட்டு வைக்கிறாய்?” என்று கேட்டாள்.

“கண்ணு வைக்காதீங்கம்மா. நாளெல்லாம் உங்க பக்கத்துல ஊமைக் கோட்டான் மாதிரி நிக்கிறேன். வயிறாவது பேசட்டும்” என்றாள் அரும்பாயி. பிறகு செம்புத் தண்ணீரைக் கடகடவென்று வாயில் கொப்பளித்துத் துப்பினாள். அவள் சிரித்தபோது வரிசை வரிசையாகப் பல் தெரிந்தது. இளவரசி அதைப் பார்த்தாள். பார்த்ததை மறந்தும் போனாள்.

ஆடி மாதத்தில் மன்னர் மகளை அருகே அழைத்து, வருகிற தை முதல் நாளில் அவளுக்கு முடி சூட்டிவிடப் போவதாகச் சொன்னார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. ஏனென்றால் கன்னல்நாட்டில் முடி சூடுவதற்கு ஒரு வழக்கம் இருந்தது. சபை பார்த்திருக்க, ஒரு முழுக் கரும்பைக் கத்தி படாமல் சொந்தப் பல்லால் உரித்துத் தின்ன வேண்டும். மண்ணில் விளைந்ததைக் கடிக்க மாட்டாதவர் அந்த மண்ணை ஆள மாட்டார் என்பது அவர்களுடைய முன்னோர் எண்ணம். அரச வாரிசால் அது முடியாமல் போனால், சபையில் யாரால் முடிகிறதோ அவருக்கு அரியணை. எல்லாருக்கும் பல் இருந்த காலத்தில் இந்தப் பின்பாதியை யாரும் பொருட்படுத்தியதில்லை.

தரளவல்லி தன் அறைக்குச் சென்று வெண்கலக் கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்தாள். இடது கடைவாயில் இரண்டு பற்கள் ஏற்கெனவே போயிருந்தன. (மூன்று என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் பின்னால் வரப்போகும் ஒன்றையும் சேர்த்து எண்ணுகிறார்கள்.) அவற்றுக்கு அடுத்த பல்லில் ஒரு கருங்குழி, அதுதான் இரவு பகலாக அவளை வதைத்துக்கொண்டிருந்தது. முன்பற்களின் ஈறோரத்தில் சுண்ணாம்பு தெறித்தது போல் மங்கிய வெள்ளைப் புள்ளிகள். நகத்தால் தொட்டால் சொரசொரத்தது. இவையும் தைக்குள் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த வாரமே வெண்சடையன் நலம் விசாரிக்க வந்தான். மன்னரை வணங்கினான், இளவரசியை வாழ்த்தினான், முடிசூட்டு விழாவுக்குத் தானே ஒரு கரும்பு கொண்டு வருவதாகச் சொன்னான். சொல்லிவிட்டு முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தான். அவன் வாய் நிறையப் பல் இருந்தது. பெரியதும் சிறியதும், ஆண் பல்லும் பெண் பல்லும், ஒன்றுக்கொன்று ஒவ்வாத பற்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் தரளவல்லிக்கு எல்லாம் விளங்கிற்று. தை முதல் நாளில் அந்தச் சபையில் பேச உரிமையுள்ள வாய்களில் கரும்பு கடிக்கத் தக்கது அவனுடையது ஒன்றுதான்.

அவள் மூன்று மருத்துவம் செய்து பார்த்தாள். வைத்தியர் சொற்படி கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டுப் புகை பிடித்தாள். வலி ஒரு பொழுது அடங்கியது. கிராம்பை நசுக்கிப் பல்லிடுக்கில் வைத்தாள். இன்னொரு பொழுது அடங்கியது. ஆலங்குச்சியாலும் வேலங்குச்சியாலும் விடியற்காலையில் தேய்த்தாள், வாய் மணத்தது. ஆனால் சூரியன் ஏறியதும் சபை கூடும். பேசுமுன் ஒன்று, பேசுமுன் ஒன்று, பேசுமுன் ஒன்று.

ஆடி அமாவாசை வந்தது. அன்று அரச குடும்பத்தார் முன்னோரை நினைத்து, பொழுது சாயும்வரை உணவும் பேச்சும் இல்லாமல் நோன்பிருப்பார்கள். பேச்சு இல்லையாதலால் கற்கண்டும் இல்லை. உச்சி வெயிலில் அரண்மனை முழுவதும் அசையாமல் கிடந்தது. காலடியில் அரும்பாயி வாயைப் பிளந்துகொண்டு உறங்கினாள். தரளவல்லி சாளரத்தோரம் சாய்ந்திருந்தாள். அப்போது யாரோ முனகுவது கேட்டது.

“இன்னும் இல்லையா?”

அவள் சுற்றிலும் பார்த்தாள்.

“அங்கே இல்லை அம்மணி, இங்கே. இடது பக்கம், மேல் வரிசை. வாசல் கொஞ்சம் இடிந்திருக்கும். நாங்கள் இடித்ததுதான்.”

நோன்பை முறிக்க மனமில்லாமல், யார் நீ என்று நெஞ்சுக்குள் மட்டும் கேட்டாள். பல்லுக்குள் குடியிருப்பவனுக்கு வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை போலும். உடனே விடை வந்தது.

“கொத்தன். பல் பூச்சி என்று வைத்தியர் சொல்வாரே, அந்த இனம். வெண்சடையருக்குக் கல் வெட்டிக் கொடுக்கிறோம். நாங்கள் எல்லார் வாயிலும் என்றைக்கும் இருக்கிறவர்கள்தாம். முன்பெல்லாம் சும்மா கிடந்தோம். அவர்தான் வேலை கொடுத்தார். வேளை தவறாமல் கூலியும் கொடுத்தார். எங்கள் பாட்டைக் கேட்டதில்லையா? இனிப்பு வந்தால் இடிப்போம், இல்லாவிட்டால் படுப்போம்.” பிறகு அது குரலைத் தாழ்த்திக்கொண்டது. “இன்றைக்குக் காலையிலிருந்து ஒன்றும் வரவில்லை அம்மணி. பசி உயிர் போகிறது. ஒரே ஒரு துணுக்கு போடு. உனக்கு என்ன தெரிய வேண்டுமோ கேள், சொல்கிறேன்.”

நோன்பு முடிந்து உணவு உண்ணும்போது, உணவோடு சேர்த்து ஒரு கற்கண்டு தருவதாக இளவரசி வாக்களித்தாள். மூன்று கேள்விக்கு அது விடை சொல்ல வேண்டும் என்றாள். பசி மிகுந்தவன் வாக்குறுதியின் மூலை முடுக்கைப் பார்ப்பதில்லை. கொத்தன் ஒப்புக்கொண்டது.

பல்லோ கல்லைவிடக் கடினமானது. அதை எந்த உளியால் வெட்டுகிறீர்கள் என்று அவள் முதலில் கேட்டாள். உளியும் இல்லை, சுத்தியலும் இல்லை என்று அது பெருமையோடு சொன்னது. இனிப்பைத் தின்போம், புளிப்பைக் கக்குவோம். புளிப்புப் பட்ட பல் கரையும். கடுகளவு கற்கண்டு போதும். ஒரு பானைச் சோறு பொங்கி வடிக்கிற நேரம் அந்தப் புளிப்பு நின்று வேலை செய்யும்.

அப்படியானால் உலகத்தில் யாருக்கும் பல்லே மிஞ்சியிருக்காதே என்று அவள் இரண்டாவதாகக் கேட்டாள். கொத்தன் பெருமூச்சு விட்டது.

“அதுதான் எங்கள் வயிற்றெரிச்சல். உமிழ்நீர் என்று ஒருத்தி இருக்கிறாள். இனிப்பு போனதும் ஓசையில்லாமல் வந்துவிடுவாள். புளிப்பைக் கழுவுவாள், கரைந்த இடத்தில் சுண்ணம் வைத்துப் பூசுவாள். கடித்து மென்று தின்கிறவர் வாயில் அவள் வெள்ளமாக வருவாள். கேழ்வரகு, மோர், எள், கீரை, சிறு மீன் இதெல்லாம் தின்கிற வீட்டில் அவள் கூடையில் சரக்குக் குறையாது. குழி விழுந்த பல்லை அவளாலும் மூட முடியாது. புள்ளி விழுந்ததை மூடிவிடுவாள். ஆனால் அதற்கு நேரம் வேண்டும் அம்மணி. உன் வாயில் அவளுக்கு ஏது நேரம்? அவள் கூடையை இறக்குவதற்குள் நீ அடுத்த வழக்கை விசாரிக்கத் தொடங்கிவிடுவாய்.”

தரளவல்லி காலடியில் உறங்குபவளைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது கேள்வியைக் கேட்டாள். நான் ஒரு நாளில் தின்னும் கற்கண்டெல்லாம் சேர்ந்தால் ஒரு பிடி இருக்கும். இவளோ குண்டான் குண்டானாகப் பாயசம் குடிக்கிறாள். இவள் பல்லை ஏன் விட்டுவைத்தீர்கள்?

“விட்டா வைத்தோம்? அவள் வாயிலும் எங்கள் ஆட்கள் உண்டு; சோம்பிப் படுத்துக் கிடக்கிறார்கள். ஒரே வேளையில் மூட்டையாகக் கொட்டுவாள். அதுவும் களியோடும் கீரையோடும் கலந்து கொட்டுவாள். மூச்சு முட்ட வெட்டத் தொடங்குவதற்குள் தண்ணீரைக் கொப்பளித்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடுவாள். அப்புறம் அடுத்த வேளை வரை ஒரு துணுக்கு கிடையாது. எவ்வளவு என்பதில் என்ன இருக்கிறது அம்மணி? எத்தனை தடவை என்பதில்தான் எங்கள் பிழைப்பு.”

பொழுது சாய்ந்ததும் அவள் நோன்பு முடித்தாள். களியும் கீரையும் மோரும் உண்டாள். வாக்குக் கொடுத்தபடி நடுவில் ஒரு கற்கண்டைப் போட்டுக்கொண்டாள். உண்டு முடித்ததும் ஒரு செம்புத் தண்ணீரை வாங்கி நன்றாகக் கொப்பளித்துத் துப்பினாள். வெள்ளத்தோடு வந்தது வெள்ளத்தோடு போய்விட்டதே, இதுவா கூலி என்று உள்ளே ஒரு குரல் புலம்பியது.

மறுநாள் சபை கூடியது. முதல் வழக்குக்காரர்கள் மாடக்கோனும் சிவனாண்டியும். அண்டை வயல்காரர்களான அவர்கள் ஒவ்வொரு மாதமும் ஒரே மடைத் தகராறுக்கு வருவார்கள். தண்ணீர் அண்ணன் வயலுக்கே பாயட்டும் என்று ஒருவரும், இல்லை தம்பி வயலுக்கே பாயட்டும் என்று மற்றவரும் கற்கண்டைச் சுவைத்தபடி உருகுவார்கள். வழக்குத் தீராமலே வணங்கிப் போவார்கள். அரும்பாயி வழக்கம்போல் சிமிழைத் திறந்து நீட்டினாள். இளவரசி அதை மூடினாள்.

“இன்று முதல் நான் வெறும் வாயோடு பேசப் போகிறேன்” என்றாள்.

சபையில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். உள்ளறைக் கட்டிலில் கிடந்த மன்னர் அதைக் கேட்டுத் தலையைத் தூக்கி, பழைய சண்டைக் காலம் திரும்பிவிடுமே மகளே என்று நடுங்கினார். அவளுக்கும் அந்த அச்சம் இல்லாமல் இல்லை. தன் குரலிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று அவளுக்கே தெரியவில்லை. ஆயினும் அவள் மாடக்கோனைப் பார்த்து, வாயில் இருப்பதைத் துப்பிவிட்டுச் சொல் என்றாள்.

“சொன்னா கசக்குமே தாயே.”

“கசக்கட்டும்.”

மாடக்கோன் தயங்கினான். பிறகு ஒரேயடியாகக் கொட்டினான். “இவன் மடையைத் திருப்புறான் தாயே. என் பயிர் காயுது.”

“யாரு திருப்புனது? நீ என் வரப்புல மாட்டைக் கட்டுறியே, அதை எந்த வாயால சொல்றது?” என்றான் சிவனாண்டி.

“என் மாடு உன் வரப்பைத் தின்னுச்சாடா?”

“தின்னாலும் பரவாயில்லையே, மிதிச்சு இடிக்குதே. இடிஞ்ச வழியாத்தான் தண்ணி ஓடைக்குப் போவுது. அதான் உன் வயலுக்கு வரல. நான் திருப்பலடா, உன் மாடு திருப்புது.”

மாடக்கோன் வாயைப் பிளந்தபடி நின்றான். “இதை ஏண்டா நீ இத்தனை வருசமா சொல்லல?”

“எங்கே சொல்ல விட்டே? மாசாமாசம் அண்ணா, தங்கமேன்னு கொஞ்சிக்கிட்டுல்ல இருந்தோம்.”

சபை சிரித்தது. மாடு இடம் மாறியது, வழக்குத் தீர்ந்தது. அன்று உணவு வேளைக்குள், ஆண்டுக்கணக்காக இனித்துக் கிடந்த பல வழக்குகள் தீர்ந்தன. இரண்டு பேர் கத்தினார்கள், ஒரு பெண் அழுதாள், யாரும் சாகவில்லை.

அதன்பின் இளவரசி நாட்டுக்கு அறிவித்தாள். இனிப்புக்குத் தடை இல்லை. ஆனால் உணவோடு உண்ணுங்கள்; உண்டபின் கொப்பளியுங்கள்; இரண்டு உணவுக்கு நடுவே வாய்க்குத் தண்ணீர் தவிர ஒன்றும் கொடுக்காதீர்கள். அழும் குழந்தைக்குத் தாலாட்டுப் போதும். பல் இருப்பவர்கள் காயும் கிழங்கும் பயறும் கடித்து மென்று தின்னட்டும். முணுமுணுத்தவர்கள் உண்டு. சீக்கிரம் நோன்பை முடிக்கச் சொல்லிக் கொத்தர்கள் ஊரார் பல்லுக்குள் முனகியதும் உண்டு. மெல்ல மெல்ல நாடு பழகிக்கொண்டது. வெண்மலையின் மதில் உயர்வதும் நின்றது.

வெண்சடையன் சும்மா இருப்பானா? ஒரு பிற்பகலில், சபை நடுவே, பாடகன் ஒருவன் ஏலக்காய் மணக்கும் பானகத்தோடு வந்தான். தலைப்பாகைக்கு வெளியே ஒரு வெள்ளை முடி நீண்டிருந்தது. தாகமாக இருந்தும் இளவரசி, “வையுங்கள், உணவோடு அருந்துகிறேன்” என்றாள். ஐப்பசி மழையில் வெளிநாட்டு வணிகன் ஒருவன் தேனில் ஊறிய பேரீச்சம்பழத்தோடு வந்தான். அவன் தலைப்பாகையிலும் ஒரு வெள்ளை முடி. “வையுங்கள், உணவோடு உண்கிறேன்” என்றாள்.

மார்கழியில், கருங்குழி விழுந்த அந்தப் பல் அவளைத் தரையில் உருள வைத்தது. கன்னம் வீங்கி ஒரு கண் மூடிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஒரு மருத்துவன் வந்தான். குழைத்த மருந்தை நாழிகைக்கு ஒரு முறை தடவிக்கொண்டால் வலி போய்விடும், பல்லும் பிழைக்கும் என்றான். தேன் மணம் அறையெங்கும் பரவியது. அரும்பாயி அழுதபடி, “தொட்டுக்கோங்கம்மா, பார்க்க முடியல” என்றாள். தரளவல்லியின் விரல் கிண்ணம் வரை சென்றது. குழைந்து பளபளத்த அந்தத் தேனைப் பார்த்தபோது, அது நாழிகைதோறும் முன்பற்களின் மேல் வழிவதை அவள் நினைத்தாள். கையை இழுத்துக்கொண்டாள். அரண்மனை வைத்தியரை அழைத்து, அந்தப் பல்லைப் பிடுங்கிவிடச் சொன்னாள்.

பிடுங்கும்போது அரும்பாயியின் கையில் அவள் நகம் பதிந்தது. பல் வைத்தியரின் குறட்டிலிருந்தே மறைந்து வெண்மலைக்குப் போயிற்று. மருத்துவனாக வந்தவன் இளித்துக்கொண்டே வெளியேறினான். வலி தணிந்து அவள் கண்ணயரும்போது, “வீடு போனால் என்ன அம்மணி, அடுத்த வீட்டில் படுத்திருக்கிறேன்” என்று தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல் கேட்டது. அதன்பின் அது பேசவில்லை.

தை பிறந்தது. சபை நிறைந்தது. மன்னரைக் கட்டிலோடு தூக்கி வந்து வைத்தார்கள். வெண்சடையன் அவளுக்கென்று ஒரு கரும்பும் தனக்கென்று இன்னொன்றும் கொண்டு வந்தான். கறுத்துத் திரண்ட கரும்பு. கணுவுக்குக் கணு இரும்புப் பூண் போட்டது போல் இருந்தது. அரசர் வயல் கரும்பைத்தான் கடிக்க வேண்டும் என்று வைத்தியர் எதிர்த்தார். எந்தக் கரும்பு என்று முன்னோர் சொல்லி வைக்கவில்லையே என்று வெண்சடையன் வெண்ணெய்க் குரலில் கேட்டான். தரளவல்லி கையை நீட்டி அதையே வாங்கிக்கொண்டாள்.

இடது கடைவாயில் மேலே வெறும் ஈறு. ஆதலால் கரும்பை வலது ஓரத்து முன்பற்களுக்குக் கொண்டு சென்றாள். முதல் கடி வழுக்கியது. இரண்டாம் கடியில் பல் கூசி, நெற்றிப் பொட்டு வரை மின்னல் ஓடியது. உடைந்தால் முன்பல் போகும், பல்லோடு நாடும் போகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் கண்ணை மூடி, முன்பற்களை நாவால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். ஆடியில் சொரசொரத்த அந்த இடம் இப்போது கூழாங்கல் போல் வழவழப்பாக இருந்தது.

மூன்றாம் கடியில் பற்கள் இறங்கின. கரும்பின் தோல் சடசடவென்று கிழிந்து நீளமாக உரிந்து வந்தது. அவள் அதைத் துப்பிவிட்டு அடுத்த கணுவுக்குப் போனாள். ஒரு முழுக் கரும்பையும் வலது வாயாலேயே உரித்து, கடித்து, மென்று, சக்கையைத் தட்டில் வைத்தாள். முகவாயில் சாறு வழிந்தது. மன்னர் குழந்தை போல் விம்மினார்.

வெண்சடையன் நம்பவில்லை. அரும்பாயியின் கையிலிருந்து சிமிழைப் பிடுங்கித் திறந்தான். நாளெல்லாம் அள்ளும் கைகள் இருந்தவரைதான் அது ஊறும். வேளைக்கு ஒரு முறை மட்டும் கைகள் வந்தபோது அது மெல்ல வற்றி, அடியில் கொஞ்சம் தூசியாகக் கிடந்தது. இந்தப் பெண்ணால் எப்படிக் கடிக்க முடியும், கரும்பு இளகிப் போயிருக்க வேண்டும் என்று சொல்லி, தான் கொண்டு வந்த இன்னொரு கரும்பை எடுத்துத் தானே கடித்தான். ஊரார் பற்களை அவன் தன் வாயில் கற்கண்டுப் பாகினால்தான் ஒட்டி வைத்திருந்தான். கரும்பை வெளியே இழுத்தபோது பற்கள் வரிசையாக அதிலேயே பதிந்து வந்தன. அவன் கரும்பைப் பார்த்தான். சபை அவனைப் பார்த்தது. வடக்கே வெண்மலையில் ஏதோ பொலபொலவென்று சரியும் ஓசை கேட்டது.

“இது எங்க பாட்டன் பல்லு மாதிரி இருக்கே” என்றான் மாடக்கோன், கரும்பை உற்றுப் பார்த்து.

மாயாவியைச் சிறையிலிட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். நாடு கடத்த வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். முடி சூடிய அரசி தரளவல்லி, முதலில் அவருக்குப் பந்தியில் ஓர் இலை போடுங்கள் என்றாள். குழையக் காய்ச்சிய கூழை அவன் முன் வைத்தார்கள். அவன் பொக்கை வாயால் அதை உறிஞ்சிக் குடித்துவிட்டு, எழுந்து, ஆற்றைத் தாண்டிப் போனான். கடலோரத்தில் உப்பு விற்கிறான் என்று வடகரையார் சொல்வார்கள். தென்கரையார் அவனை மறந்துவிட்டார்கள்.

போன பற்கள் யாருக்கும் முளைக்கவில்லை. அப்படி எந்தக் கரையிலும் யாரும் சொன்னதில்லை. அரசி தன் ஆயுள் முழுவதும் வலது பக்கத்தால்தான் மென்றாள். ஆனால் அதன் பின் பிறந்த பிள்ளைகளுக்கு முளைத்த பல் நிலைத்தது. பேச்சில் காரம் திரும்பி வந்தது, வழக்குகளும் தீர்ந்துகொண்டு வந்தன. அரும்பாயி சபையில் வாய் திறந்து பேசும் உரிமையைக் கேட்டுப் பெற்றாள். அதற்குப் பிறகு சபை கலைய வெகு நேரமாயிற்று.

முடிசூட்டிய அன்றைய விருந்தில் பாயசம் உண்டு. பெரியவர், சிறியவர் எல்லாரும் உணவோடு சேர்த்து வயிறார உண்டார்கள், கொப்பளித்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். கதையும் அவர்களோடு போயிற்று. கேட்டவர்களும் ஒரு செம்புத் தண்ணீர் எடுத்து வாயைக் கொப்பளித்துவிட்டுப் படுக்கப் போகலாம்.